அட்டையா, மாத்திரையா? பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ் வேலைக்குத் தயாராவது எப்படி

ஈரோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கல். "ஏங்கண்ணு, போன தடவை குடுத்த சுகர் மாத்திரை ரெண்டு அட்டை குடு" என்கிறார் ஒரு பாட்டி. "சரிங்கம்மா, சீட்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடைத் தம்பி கம்ப்யூட்டரில் 2 என்று அடிக்கிறார். அந்த 2 அட்டைக் கணக்கா, மாத்திரைக் கணக்கா? கவுண்டரில் நிற்கும் இருவருக்கும் இதில் குழப்பமே இல்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லி வைக்கிறவருடைய வேலைதான் பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ்.

இந்த வேலைக்கு பெரிய புரோகிராமராக இருக்கத் தேவையில்லை. கோவை, ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு என்று நம் பக்கம் பார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி எது முடித்தவரும் வரலாம். பி.பார்ம் இரண்டாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் பாடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பாஸ் மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். மருந்து தெரிந்தவர் தரவைக் கற்றுக்கொள்வது ஆறு மாத வேலை. தரவு தெரிந்தவர் மருந்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நெடுநாள் ஆகும். உங்கள் பலம் அங்கேதான்.

எங்கெல்லாம் வேலை

முதலாவது, பெரிய மருத்துவமனைகள். அங்கே மருந்துப் பட்டியலைப் பராமரிப்பவர், வார்டிலிருந்து வரும் இன்டென்ட் (மருந்துக் கோரிக்கை) மென்பொருளில் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பவர், நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுப்பவர் என்று ஆள் வைத்திருப்பார்கள். பதவிப் பெயர் இடத்துக்கு இடம் மாறும்: அப்ளிகேஷன் அனலிஸ்ட், ஹெச்ஐஎஸ் (மருத்துவமனை மென்பொருள்) கோஆர்டினேட்டர், சில இடங்களில் வெறும் "பார்மசிஸ்ட்". வேலைத் தளங்களில் "பார்மசி இன்ஃபர்மேடிக்ஸ்" என்று மட்டும் தேடினால் கையில் ஒன்றிரண்டுதான் சிக்கும். இந்தப் பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாவது, மெடிக்கல் பில்லிங் மென்பொருளும் மருத்துவமனை மென்பொருளும் விற்கும் நிறுவனங்கள். கடைக்குப் போய் நிறுவிக் கொடுப்பது, பழைய மென்பொருளின் தரவைப் புதியதற்கு மாற்றுவது, சோதிப்பது. அலைச்சல் அதிகம். ஆனால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மூன்றாவது, அமெரிக்கக் காப்பீட்டு மருந்துக் கணக்கைப் பார்க்கும் ஐடி வேலை. அங்கே மருந்துக்கு என்டிசி என்ற எண் உண்டு. டப்பாவில் 10 இலக்கம், பில்லில் 5-4-2 என்று பிரித்த 11 இலக்கம். டப்பாவில் 4-4-2 என்றிருந்தால் முதல் பகுதிக்கு முன்னால், 5-3-2 என்றால் நடுப்பகுதிக்கு முன்னால், 5-4-1 என்றால் கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். நேர்காணலில் கேட்பார்கள்.

மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு தனிக் கிளை. 2010-இல் தொடங்கிய இந்தியத் திட்டத்துக்குக் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம்தான் தலைமை மையம். பக்கவிளைவுகளைப் பதிவு செய்யக் கைபேசிச் செயலியும் 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. செயலியை இறக்கி, படிவத்தில் எந்தெந்தக் கட்டங்கள் கட்டாயம் என்று ஒருமுறை பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் கோடிங் வேறு, இது வேறு. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுவது கோடிங். இரண்டையும் ஒன்றாகக் காட்டிக் கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்கள் உண்டு. பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தில் மருந்து மாஸ்டர் (மூலப் பட்டியல்), ஃபயர் (மருத்துவத் தரவைப் பரிமாறும் FHIR வடிவம்), எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் பயிற்சி: ஐம்பது மருந்துக்கு ஒரு மாஸ்டர்

மாஸ்டர் என்றால் கடையிலோ மருத்துவமனையிலோ உள்ள மருந்துகளின் மூலப் பட்டியல். பில், ஸ்டாக், எச்சரிக்கை, லேபிள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. இது கோணினால் எல்லாம் கோணும். வீட்டிலும் தெரிந்த கடையிலுமாக 50 மருந்துகளை எடுத்து ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள். நெடுவரிசைகள் இவை: உள் எண், பிராண்டு, பொதுப்பெயர், வலிமையின் எண், வலிமையின் அலகு, வடிவம், ஓர் அட்டையில் எத்தனை, ஸ்டாக் அலகு, விற்பனை அலகு, மருந்துச் சட்ட அட்டவணை (எச், எச்1, எக்ஸ்), எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்), ஏடிசி குறியீடு (மருந்தை வகைப்படுத்தும் சர்வதேசக் குறியீடு), பார்கோடு எண், நடப்பில் இருக்கிறதா.

டோலோ 650-ஐ எடுத்துக்கொள்வோம். பொதுப்பெயர் பாராசிட்டமால், வலிமை எண் 650, அலகு மில்லிகிராம், வடிவம் மாத்திரை, அட்டையில் 15, எச்எஸ்என் 3004, ஏடிசி என்02பிஇ01. ஸ்டாக் அலகை எப்போதும் மிகச் சிறிய அலகாக, அதாவது ஒற்றை மாத்திரையாக வையுங்கள். விற்பனை அலகு அட்டையாக இருந்தால் பெருக்கல் எண் 15. இதை அட்டைக் கணக்கில் வைத்த கடையில் யாராவது நான்கு மாத்திரை வெட்டி வாங்கிய அன்றே ஸ்டாக்கில் 0.27 அட்டை என்று தசமம் விழும். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் எதுவும் ஒத்து வராது.

உள் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு இலக்கம் கம்பெனி, அடுத்தது அலமாரி என்று வைத்தால், அலமாரி மாறும் நாளில் எண்ணும் பொய்யாகிவிடும். 1, 2, 3 போதும்.

வரிவிகிதத்தை மாஸ்டருக்குள் எழுதாமல், "இந்தத் தேதி முதல்" என்ற நெடுவரிசையோடு தனித் தாளில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு 12 சதவீதம் முற்றிலும் நீங்கியது. விகிதத்தை மாஸ்டரிலேயே அழித்து எழுதிவிட்டால், அதற்கு முந்தைய பில்லில் வாங்கிய சரக்கு திரும்பி வரும்போது புது விகிதத்தில் கழிவு போய்விடும்.

எக்செல் உங்களுக்குத் தெரியாமல் நான்கு தவறு செய்யும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் பூஜ்யத்தை விழுங்கும். 13, 14 இலக்கப் பார்கோடு எண்ணை 8.9-ஓடு பத்தின் அடுக்காக்கிச் சுருக்கும். பேட்ச் எண் மாதப் பெயர்போல இருந்தால் தேதியாக்கிவிடும். இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில "இ" வந்தால் அறிவியல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒட்டிய பிறகு பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை "டெக்ஸ்ட்" என்று மாற்றி வையுங்கள்.

வலிமையில் வழுக்கும் இடம்

குழந்தைக்கு 12 கிலோ. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3.6 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள டிராப்ஸ் என்றால் 1.8 மில்லி. மூன்றையும் மாஸ்டரில் "பாராசிட்டமால் சிரப்" என்று எழுதி வைத்தால், டிராப்ஸை 7.5 மில்லி ஊற்றக் கொடுக்கும் லேபிள் ஒருநாள் அச்சாகும். அது 750 மில்லிகிராம், நாலு மடங்குக்கும் மேல். எனவே திரவ மருந்துக்கு வலிமையை "எத்தனை மில்லியில் எவ்வளவு" என்று இரண்டு எண்ணாகவே வைக்க வேண்டும்.

இன்சுலின் இன்னும் மோசம். நம் ஊரில் வயல் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். 10 மில்லி வயலில் 400 யூனிட். 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 20 யூனிட் என்பது முதல் வகையில் அரை மில்லி. அதே அரை மில்லியை இரண்டாவதில் எடுத்தால் 50 யூனிட். ஆகவே டோஸ் கட்டத்தில் மில்லி என்ற அலகே தேர்வுக்கு வரக்கூடாது. யூனிட் என்ற சொல்லையும் முழுசாக எழுதுங்கள். ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது கையெழுத்தில் பூஜ்யமாகத் தெரியும். அதே காரணத்துக்காக 1.0 என்று எழுதாமல் 1 என்றும், .5 என்று எழுதாமல் 0.5 என்றும் வையுங்கள்.

நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. கோழிப் பண்ணை மருந்துகளின் டோஸ் ஒரு லிட்டர் குடிநீருக்கு இவ்வளவு, ஆயிரம் கோழிக்கு இவ்வளவு என்று வரும். மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து முட்டையும் கறியும் விற்கலாம் என்ற கணக்கும் சேரும். மனிதர் மருந்துக்குச் செய்த மாஸ்டர் இதற்குப் பொருந்தாது. இதைத் தெரிந்து செய்பவர்கள் குறைவு.

கைபேசியால் ஸ்கேன் செய்வது

2023 ஆகஸ்ட் 1 முதல், அட்டவணை எச்2-இல் உள்ள 300 பிராண்டுகளின் அட்டையிலோ, இடமில்லாவிட்டால் டப்பாவிலோ பார்கோடு அல்லது க்யூஆர் கட்டாயம். தயாரிப்பு அடையாள எண், பொதுப்பெயர், பிராண்டு, உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், பேட்ச், உற்பத்தித் தேதி, காலாவதி, உரிம எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உள்ளே எந்த வரிசையில் எப்படி எழுதுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. ஒருவர் வெறும் எழுத்தாக வைப்பார், இன்னொருவர் இணைய முகவரியாக வைப்பார். ஐந்து அட்டையை ஸ்கேன் செய்து எழுதிய செயலி ஆறாவதில் விழுவது இதனால்தான்.

சர்வதேச ஜிஎஸ்1 முறையில் எழுதியதுதான் பிரிக்கச் சுலபம். 01 என்று தொடங்கினால் அடுத்த 14 இலக்கம் பொருளின் எண். 17 என்றால் அடுத்த 6 இலக்கம் காலாவதி: ஆண்டு, மாதம், நாள். 10 என்றால் பேட்ச், 21 என்றால் தொடர் எண்; இந்த இரண்டும் 20 எழுத்து வரை நீளலாம். நீளம் நிலையில்லாததால் பேட்ச் முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி (ஆஸ்கி 29) வரும். விலை குறைந்த ஸ்கேனர்கள் கீபோர்டு போல நடித்து எண்ணை அனுப்பும்போது இந்தக் குறியைக் கீழே போட்டுவிடும். பேட்ச் 4471, தொடர் எண் 0985 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி இருந்தால் 10 4471, பிறகு 21 0985. குறி தொலைந்தால் 104471210985 என்று ஒட்டி வந்து, பேட்ச் 4471210985 என்று பதிவாகும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு புதுப் பேட்ச் உருவாகி, திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் தேடினால் எதுவும் சிக்காது. ஸ்கேனரின் கையேட்டில் இந்தக் குறியை அனுப்பச் சொல்லும் அமைப்புப் பார்கோடு இருக்கும்; முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் வாங்கும்போது லேசர் வகையைத் தவிர்க்கவும். அது கோட்டு வடிவப் பார்கோடை மட்டுமே படிக்கும், க்யூஆர் படிக்காது.

காலாவதியில் நாள் 00 என்று வந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். 271100 என்றால் 2027 நவம்பர் 30. இதை நவம்பர் 1 என்று எடுத்துக்கொள்ளும் செயலி நல்ல சரக்கை ஒரு மாதம் முன்னாலேயே ஒதுக்கிவிடும்.

சிறிய திரையில் வரும் இன்னொரு ஆபத்து, பெயரின் வால் வெட்டுப்படுவது. கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின் மட்டும். கிளைகோமெட் ஜிபி 1, ஜிபி 2 ஆகியவற்றில் கிளிமெபிரைடும் சேர்ந்திருக்கும்; சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக் கூடியது. வேறுபாடு முழுவதும் பெயரின் கடைசியில் இருக்கிறது, கைபேசி "கிளைகோமெட்…" என்று புள்ளி வைத்து வெட்டுவதும் அதைத்தான். பிராண்டு ஒரு வரி, பொதுப்பெயரும் வலிமையும் அடுத்த வரி, இரண்டையும் வெட்டாமல் மடித்துக் காட்ட வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில்

தாளவாடி, பர்கூர் மலை, வால்பாறை எஸ்டேட் போன்ற இடங்களுக்கு மருந்து கொண்டுபோகும் நடமாடும் குழுவுக்குச் செயலி எழுதினால், சிக்னல் இராது என்பதையே தொடக்கமாக வையுங்கள். எல்லாப் பதிவும் முதலில் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும். மலையிறங்கியதும் அனுப்பலாம். எதை அனுப்புவது என்பதில்தான் சூட்சுமம். "மீதி 85" என்று அனுப்பாதீர்கள். "15 குறைந்தது" என்று அனுப்புங்கள். இரண்டு போன்கள் ஒரே ஸ்டாக்கிலிருந்து கொடுத்திருந்தால், மீதியை அனுப்பும்போது கடைசியாக வந்த போன் முந்தையதை அழித்துவிடும். குறைவை அனுப்பினால் இரண்டும் கழியும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனித்த அடையாள எண் கொடுங்கள். பாதி சிக்னலில் செயலி ஒரே பதிவை மூன்று முறை அனுப்பும். அந்த எண்ணைப் பார்த்து சர்வர் இரண்டை ஒதுக்கும்.

தமிழ் லேபிளும் தமிழ் எஸ்எம்எஸ்ஸும்

50 க்கு 25 மில்லிமீட்டர் லேபிள், 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) தெர்மல் பிரிண்டர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 400 க்கு 200 புள்ளிகள். எழுத்து உயரம் 24 புள்ளிக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மறையும், கொம்பும் சுழியும் ஒட்டும். பல பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு உள்ளே இராது. எழுத்தை அனுப்பினால் கட்டங்களாக வரும். லேபிளை முழுப் படமாக்கி அனுப்புவதே நம்பகமான வழி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழும் உதவாது. சூரியன், நிலா, சோற்றுத் தட்டு என்று மூன்று படமும் எண்ணிக்கையும் போட்டால் போதும்.

எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 வீதம் பிரியும், காசும் துண்டுக்குத்தான். தமிழில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. "மாத்திரை" நமக்கு நான்கு எழுத்து. துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு எட்டு. "காலை உணவுக்குப் பின் 1 மாத்திரை" என்பது இடைவெளியோடு 31. வணிகச் செய்திக்கான தலைப்பும் வாசகமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிவான வாசகத்திலிருந்து மாறினால் செய்தி போய்ச் சேராது. நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ எஸ்எம்எஸ்ஸில் எழுத வேண்டாம். வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எச்சரிக்கை எத்தனை போதும்

புதிதாக வருபவர்கள் எல்லா மருந்து மோதலுக்கும் சிவப்புப் பெட்டி வைப்பார்கள். மூன்றாம் நாளே டாக்டர்கள் படிக்காமல் மூடப் பழகிவிடுவார்கள். மூன்றாகப் பிரியுங்கள். சில்டனாஃபிலும் ஐசோசார்பைடும் சேர்ந்தால் தடுத்து நிறுத்துங்கள். வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் வந்தால் காரணம் கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினோடு அன்டாசிட் வந்தால் தடுக்க வேண்டாம். "அன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் பின்னால்" என்று லேபிளில் அச்சிட்டால் வேலை முடிந்தது.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மருந்து. மென்பொருள் எந்த மாத்திரைக்கும் "தினமும்" என்று தானாக நிரப்பும் வழக்கம் உடையது. தினமும் போட்டால் எலும்பு மச்சை அடிபட்டு உயிரே போகும். இந்த மருந்துக்கு மட்டும் இயல்புநிலையை "வாரம் ஒருமுறை" என்று மாற்றி, கிழமையைக் கேட்டு வாங்கி, லேபிளிலும் "செவ்வாய் மட்டும்" என்பதுபோல அச்சிட வேண்டும்.

எச்1 மருந்துகளுக்கு, 2014 மார்ச் 1 முதல், தனிப் பதிவேடு வேண்டும்: டாக்டர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, அளவு, மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். டாக்டர் பெயர் இல்லாமல் பில் முடியவே கூடாது என்று அமையுங்கள். "மற்றவை" என்று ஒரு தேர்வு வைத்தால் எல்லாரும் அதையே அழுத்துவார்கள்.

நேர்காணலுக்கு எடுத்துப் போவது

எஸ்க்யூஎல்-இல் நான்கு விஷயம் போதும்: தேர்வு, வடிகட்டல், இரண்டு அட்டவணையை இணைத்தல், தொகுத்து எண்ணுதல். அடுத்த 90 நாளில் காலாவதியாகும் சரக்கை பேட்ச் வாரியாகக் காட்டும் கேள்வியை எழுதத் தெரிந்தால் தொடக்க வேலைக்குச் சரி. மருத்துவமனை மென்பொருளைத் தொட்டுப் பார்க்க பாம்னி என்ற திறந்தமூல மென்பொருளை நிறுவிப் பழகலாம். ஃபயரில் மருந்துச் சீட்டுக்கு ஒரு வடிவம், கொடுத்ததற்கு இன்னொரு வடிவம். 2021-இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயரின் நான்காம் வெளியீட்டைத்தான் பயன்படுத்துகிறது. நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண் (சுகாதாரக் கணக்கு எண்). ஒரு சீட்டை இந்த வடிவில் கையால் எழுதிப் பாருங்கள், அதுவே போதுமான அறிமுகம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அந்த 50 மருந்து மாஸ்டர், நீங்கள் கண்டுபிடித்த தவறுகளின் பட்டியல், இருபது சோதனைகள் எழுதிய தாள். சோதனை என்றால் இப்படி: பிரட்னிசோலோன் 20 மில்லிகிராம் 5 நாள், பிறகு 15, 10, 5 தலா 5 நாள். 5 மில்லிகிராம் மாத்திரையில் மொத்தம் 50 வர வேண்டும். மென்பொருள் 80 காட்டினால், முதல் நாள் டோஸையே 20 நாளுக்கும் பெருக்கியிருக்கிறது. எதைக் கொடுத்தோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று மூன்று நெடுவரிசையில் எழுதுங்கள்.

உண்மை நோயாளியின் சீட்டைப் படம் எடுத்துப் போகவே கூடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, அந்தப் படத்தைப் பார்த்த உடனேயே நல்ல மேலாளர் உங்களை வேண்டாம் என்றுவிடுவார். கற்பனைப் பெயர், கற்பனை வயது, உண்மையான மருந்து, உண்மையான அளவு.

வேலை கிடைத்துப் புது மென்பொருள் மாற்றும் இரவு வந்தால், பழைய ஸ்டாக்கை இறக்குமதி செய்ததும் முதலில் பத்து மருந்தை அலமாரியில் போய்க் கையால் எண்ணுங்கள். அட்டை நீளமானது இரண்டு, வெட்டி விற்றது இரண்டு, சிரப் இரண்டு, இன்சுலின் இரண்டு, எச்1 இரண்டு. திரையில் 15 மடங்கு கூடியோ குறைந்தோ தெரிந்தால் அலகு மாறி ஏறியிருக்கிறது. கடையைத் திறக்காமல் இறக்குமதியை அழித்து மறுபடி ஏற்றுங்கள். காலையில் முதல் பில் விழுந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது.